பதிமூன்றாவது சீட்டு

என்னை வாழ்க்கையில் முதன்முதலாக 'நீங்கோ' என்று கூப்பிட்டவர்தான் என் கழுத்தையும் அறுத்தார். நம்பவைத்து அறுத்தார். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அவர் பெயரைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

ஐம்பத்தெட்டாம் வருஷம். எனக்கு இருபத்து நான்கு வயது. உத்திரமேரூரில் ஒரு அரிசி மில்லில் எழுத்து வேலை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் ஊர்க் கால்பந்துச் சங்கத்தின் சென்டர் ஃபார்வர்ட். எங்களுக்கென்று மைதானம் கிடையாது. ஏரி வற்றினால் ஏரிக்குள் ஆடுவோம். தண்ணீர் வந்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆடுவோம். பூட்ஸ் எல்லாம் படத்தில் பார்த்ததோடு சரி.

அப்போது எங்களுக்குக் கோச் ஹவில்தார் முனியன். பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் இருந்து வந்தவர். விடியற்காலையில் எங்களை ஏரிக்கரைமேல் ஓடவிட்டு, கையில் மூங்கில் கழியோடு பின்னாலேயே சைக்கிளில் வருவார். அவரிடம் யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. எனக்கு அவர் வைத்த பெயர் பந்தக்கால்.

"டேய் பந்தக்காலு! இன்னாடா நட்டுவெச்ச மாதிரி நின்னுகினு கீற? பந்து உன்ன தேடிகினு வருமா? போய் எட்றா!"

கோல் போட்டால் பாராட்ட மாட்டார். 'ம்' என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். அந்த 'ம்' ஒன்றுக்காக உயிரை விட்டு ஓடிய நாட்களும் உண்டு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் எல்லோருக்கும் அது ஒத்துவரவில்லை. கோல்கீப்பர் அத்தாவுல்லா என் கூட்டாளி. பஜாரில் அவன் வீட்டாருக்கு இரும்புக் கடை. "அவரு திட்னாத்தான்டா எனக்குக் கை நீளுது" என்பான். பச்சமுத்து நேர்மாறு. எங்களில் இளையவன் அவன்தான், நல்ல கால். ஆனால் ஹவில்தார் குரல் கேட்டால் போதும், காலடியில் கிடக்கும் பந்தைக் கூட உதைக்கத் தெரியாமல் நிற்பான்.

அந்த வருஷம் தை மாதம் வாலாஜாபாத்காரர்களிடம் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும், வேடிக்கை பார்க்க வந்த அத்தனை பேர் முன்னாலும், ஹவில்தார் என் ஆடுசதையில் கழியால் ஒன்று வைத்தார். வலியைவிட எதிராளிகள் சிரித்த சிரிப்புதான் தாங்கவில்லை. அன்றைக்கே தீர்மானித்தேன், இந்த ஆள் போகவேண்டும் என்று.

மனு எழுதினேன். நன்றாகவே எழுதினேன், எழுதுவது என் தொழில், ஊரில் பல பேருக்கு மனு எழுதிக் கொடுப்பவனும் நான்தான். 'நாகரிகமற்ற வசவு' என்றெல்லாம் போட்டேன். மற்ற பதினொரு பேரும் "எய்து, எய்து" என்று தூண்டினார்கள். கையெழுத்து என்றதும் ஆளுக்கொரு வேலை வந்துவிட்டது. நான் மட்டும் எதற்கு மாட்டிக்கொள்ளவேண்டும்? 'இப்படிக்கு, விளையாட்டு வீரர்கள்' என்று முடித்து, சங்கத்துக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன். சங்கத் தலைவர் வேதாசலத்துக்கு, முனியன் தன் எதிரில் நாற்காலி போட்டு உட்காருவதே வெகுநாளாக உறுத்தல். காரணம் கிடைக்காதா என்று காத்திருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செருகினேன்.

மறுநாள் மாலை ஹவில்தார் கழி இல்லாமல் வந்தார். கையில் என் மனு.

"யாருடா எய்தினது? ஒர்த்தன் முன்னாடி வந்து, ஆமா நாந்தான், நீ வாணாம்னு சொல்லு. சொன்னா நானே போயிடறேன். எனக்கொண்ணும் கோவம் இல்ல."

பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். அவர் மனுவை மடித்துப் பையில் வைத்தார். பிறகு கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கையில் வைத்தார். "இந்தா, நீ வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார். என்னிடம் கொடுத்தாரே, அப்படியென்றால் என்மேல் சந்தேகமே இல்லை என்று எனக்கு ஒரே நிம்மதி.

அதற்குப் பிறகு வந்தவர்தான் ஆராவமுதன். உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். காலேஜில் ஆடியவர். சட்டைப் பையில் எப்போதும் பேனா, முகத்தில் எப்போதும் சிரிப்பு. முதல் நாளே எங்களை வட்டமாக உட்காரவைத்து, "நான் யார் உங்களுக்குச் சொல்றதுக்கு? ஆடப்போறது நீங்கோ. நீங்க என்ன நினைக்கறேள், ஜெகந்நாதன்?" என்று கேட்டார். என் அப்பா கூட என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

மூன்று மாதம் தலைகால் புரியாமல் இருந்தோம். பச்சமுத்துவுக்கு ஒரு வசவு கிடையாது. தப்பாக உதைத்தால், "பரவாயில்லை, இன்னொரு தரம் பாருங்கோ" என்பார். அந்தப் பையன் ஒரே மாதத்தில் வேறு ஆளாகிவிட்டான். அத்தாவுல்லாவுக்குத்தான் பேஜார். "இந்த சார் திட்டவே மாட்றாரு, எனக்குத் தூக்கம் தூக்கமா வருதுடா" என்பான்.

ஆனால் ஒன்று. ஹவில்தார் இருந்தபோது பன்னிரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து அவரைத் திட்டுவோம். திட்டிக்கொண்டே ஒரே கடையில் நாஷ்டா தின்போம். இந்த மனிதரைத் திட்ட ஒன்றும் இல்லை. அதனால் மெல்ல மெல்ல ஒருவரையொருவர் திட்ட ஆரம்பித்தோம். எல்லாவற்றுக்கும் எங்களையே அபிப்பிராயம் கேட்டார் அல்லவா, ஒவ்வொருவனுக்கும் மற்றவனைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டாகிவிட்டது.

பங்குனியில் எனக்கு முட்டி பிசகியது. அம்மா பத்துப் போட்டாள். வீக்கம் வடிந்தது, உள்ளே ஒரு சுருக் மட்டும் போகவில்லை. ஆராவமுதன், "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். "சந்தோஷம்" என்றார். அதோடு விட்டார்.

விட்டார் என்றுதான் நினைத்தேன்.

சித்திரையில் காஞ்சிபுரத்தில் நடந்த போட்டியில் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். ஃபைனலைப் பார்க்க சென்னையிலிருந்து ஒரு பெரிய மில்லின் டீம்காரர்கள் வருவதாகச் செய்தி. இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து வேலையும் கொடுத்து ஆடவைப்பார்கள். இருபத்தைந்து வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். எனக்கு ஆடியில் இருபத்தைந்து. இந்த ஒரு ஆட்டம் விட்டால், நான் சாகும் வரைக்கும் அரிசி மில்லில் உமித் தூசியைத் தின்றுகொண்டு எழுதவேண்டியதுதான்.

பன்னிரண்டு பேர், பதினொரு இடம். அந்தக் காலத்தில் ஆட்டத்துக்கு நடுவில் ஆள் மாற்றுவதெல்லாம் கிடையாது. வெளியே என்றால் வெளியேதான்.

வெள்ளிக்கிழமை மாலை ஆராவமுதன் சொன்னார்: "நம்ம ஊர்க் கோயில் சுவர்லேயே வழி எழுதி வெச்சிருக்கான். குடவோலை. ஆளுக்கொரு சீட்டு எழுதுங்கோ. யார் வெளியே நிக்கணுமோ அவர் பேர். எனக்கு இதில் ஓட்டு கிடையாது. உங்க தீர்ப்புக்கு நான் கட்டுப்படறேன்."

எங்களுக்குப் புல்லரித்தது. சோழன் காலத்து முறை, எங்கள் ஊர்க் கல்வெட்டு, நாங்கள் ஓலை போடுகிறோம்! குடத்துக்கு எங்கே போவது என்று யோசித்தபோது நான்தான் ஓடிப்போய் எங்கள் வீட்டுப் புளிப் பானையைக் கவிழ்த்துத் துடைத்துக் கொண்டுவந்தேன். கல்வெட்டில் இருப்பது குலுக்கல். பானைக்குள் கைவிட்டு ஒரு சிறுபிள்ளை எடுக்கும். அங்கே யாரும் யாரையும் கழித்து எழுதவில்லை. இது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. சரித்திர வாத்தியாருக்கும் தெரியாதா என்ன?

ஒரே பென்சில், கை மாறிக் கை மாறி வந்தது. நான் பச்சமுத்து பெயரை எழுதினேன். இளையவன், அடுத்த வருஷம் ஆடட்டும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆராவமுதனே ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். பச்சமுத்து. ஜெகா. ஜெகா. பச்சமுத்து. என் பெயர் மூன்றாவது முறை வந்தபோது விரல்விட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கடைசியில் பச்சமுத்துவுக்கு ஐந்து, எனக்கு ஆறு. மீதி இரண்டு வேறு யாருக்கோ. ஆராவமுதன் சீட்டுகளைத் திரும்பப் பானைக்குள் போட்டுவிட்டு என் தோளைத் தொட்டு, "நான் என்ன செய்ய, ஜெகந்நாதன்? எல்லாரோட தீர்ப்பு" என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

வீடு வரைக்கும் அத்தாவுல்லா கூட வந்தான். நீ யார் பெயரை எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. என் பெயரை எழுதாதவனாக இருந்தால் கேட்காமலே சொல்லியிருப்பான். பத்து வருஷம் ஒரே தட்டில் தின்றவன்.

விளக்கு வைக்கும் நேரம். "பானைய குடுத்துட்டு மூஞ்ச தூக்கி வெச்சுக்க" என்று அம்மா கத்தினாள். சீட்டுகளைக் கீழே கொட்டினேன். எரிச்சலில் ஒவ்வொன்றாகப் பிரித்தேன், எந்த ஆறு பேர் என்று பார்த்துவிடலாம் என்று. எண்ணிப் பார்த்தால் பதிமூன்று இருந்தது. மறுபடி எண்ணினேன். பதிமூன்றேதான். ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர்.

பன்னிரண்டு சீட்டு பென்சில். ஒன்று மட்டும் மசி. பேனாவால் அழகாக எழுதியிருந்தது: 'ஸ்ரீ ஜெகந்நாதன்.'

எங்கள் டீமில் எனக்கு ஸ்ரீ போட்டு எழுதுகிறவன் எவன் இருக்கிறான்? அந்த ஒரு சீட்டு இல்லையென்றால் ஐந்துக்கு ஐந்து. வெட்டும்போதும் மரியாதையாக வெட்டியிருக்கிறார் மகானுபாவர். அந்தச் சீட்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். "வாங்கோ, உட்காருங்கோ" என்றார். சீட்டை மேஜைமேல் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க முட்டி சரியாகலைன்னு எனக்குத் தெரியும். மூஞ்சியைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை. பசங்களே முடிவு பண்ணிட்டா உங்களுக்குக் கஷ்டம் இருக்காதேன்னு..."

"ஓட்டு இல்லன்னு சொன்னது யாரு சார்?"

"சமமா வந்துடக் கூடாதேன்னுதான் போட்டேன். தப்புதான்."

அதற்குமேல் அவரிடம் சண்டைபோடக்கூட வழி இல்லை. அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார். அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன். என் ரோஷம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனலுக்குப் போகக்கூடாது என்று சபதம் போட்டேன். மூன்றாவது பஸ்ஸில் கிளம்பிப் போனேன். காஞ்சிபுரத்தில் கூட்டம் நெரிந்தது. கயிற்றுக்கு வெளியே ஓர் ஓரமாக நின்றேன். பக்கத்தில் யாரோ பீடியைக் கீழே போட்டு மிதித்தார்கள். திரும்பினால் ஹவில்தார் முனியன்.

"இன்னாடா பந்தக்காலு, இங்க நின்னுகினு கீற?"

அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். பானை, பென்சில், மசி, ஸ்ரீ எல்லாவற்றையும் கொட்டினேன். "எதுர்ல நின்னு சொல்லியிருக்கலாம் இல்ல? நீ வாணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற தைரியம் இல்லாத ஆளு இன்னா ஆளு? தன் பேரு போடாத சீட்ட வெச்சு ஒருத்தன் பொயப்புல மண்ணப் போடறதா?" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹவில்தார் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "முட்டி எப்படி கீது?"

"ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்லாத. அந்த ரோட்லேர்ந்து நீ நடந்து வந்தத நான் பாத்தேன். நானா இருந்தாலும் உன்ன உக்கார வெச்சிருப்பேன். எதுர்ல சொல்லியிருப்பேன். நீ அயுதிருப்ப. ஒரு வாரம் என்ன திட்டியிருப்ப. அப்பறம் சரியாப் பூடும்."

அந்த நேரம் பச்சமுத்து இடது பக்கம் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு கோல் போட்டான். கூட்டம் ஓ என்று எழுந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த மில் டீம்காரர் பக்கத்து ஆளிடம் குனிந்து ஏதோ கேட்டார். பெயரைத்தான் கேட்டிருப்பார்.

"ம்" என்றார் ஹவில்தார். பச்சமுத்துவைப் பார்த்துச் சொன்ன 'ம்' அது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எதுர்ல சொல்லலன்னு இவ்ளோ துடிக்கிறியே. அன்னிக்கு நான் கேட்டேனேடா. ஒர்த்தன் முன்னாடி வந்து சொல்லுன்னு."

நான் மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பட்டாளத்துக்காரனுக்கு நிலம் தரேன்னாங்கன்னு நாலு வருசமா எனக்கு மனு எய்தறவன் நீ. உன் எய்த்து எனக்குத் தெரியாதா? அதனாலதான் விசில உன் கைல குடுத்தேன். அப்பவாச்சும் வாயத் தொறப்பன்னு பாத்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கழியால் இரண்டு வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆராவமுதன்மேல் எனக்கிருந்த ஆத்திரம் அன்றும் குறையவில்லை, இன்றும் குறையவில்லை. ஆனால் அந்த நிமிஷத்துக்குப் பிறகு அதை வாய்விட்டுச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லாமல் போயிற்று.

ஆட்டம் முடிந்தது. எங்கள் பையன்கள் பச்சமுத்துவைத் தோள்மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். ஹவில்தார் சைக்கிள் பூட்டைத் திறந்தார்.

"அந்த நிலம் இன்னும் வரலடா. நாளைக்கி வந்து ஒரு மனு எய்திக் குடு" என்றார். ஏறி உட்கார்ந்து பெடலில் கால் வைத்தவர், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "இந்த தபா கீய பேரு போட மறந்துடாத."