அரைவேக்காட்டுக் குக்கீஸ்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன மாதம் நான் அனுப்பிய கதையை ஒரு பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: அரைவேக்காடு. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், அரைவேக்காடாக இருந்தால்தான் நன்றாக இருக்கும் என்று உலகத்தில் ஏதாவது உண்டா என்று வரிந்து கட்டிக்கொண்டு தேடினேன். குக்கீஸ் அகப்பட்டது.

2

"சமையலறை முழுக்கச் சாக்லேட் வாசனை கமழ, அவள்

(அடித்துவிட்டேன். வாசனையில் தொடங்கும் கதைகள் கடைசியில் அழவைத்துவிடும். இது சண்டைக் கதை.)

"அவள் அண்ணன் நல்லவன்தான், ஆனாலும்

(இதுவும் வேண்டாம். அப்புறம் அவனுக்கு வக்காலத்து வாங்கியே தாள் தீர்ந்துவிடும்.)

நேராகவே வருகிறேன். ஒரு தங்கை, வயது முப்பத்து நான்கு. ஒரு பட்டப்படிப்பு, இரண்டு வேலை, ஒரு கல்யாணம், எல்லாவற்றையும் பாதியில் விட்டவள். இருப்பது அண்ணன் வீட்டு மாடியறையில். அண்ணன் கட்டட மேற்பார்வையாளன். அவளுக்கு அவன் வைத்திருக்கும் பட்டப்பெயர், என் கதையின் ஓரத்தில் இருந்த அதே சொல்.

3

இன்று நான்கு மணிக்குக் காப்பிக் கடைக்காரம்மா ருசி பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் தினமும் அந்தக் கடைக்கு இவள் கைக் குக்கீஸ்தான். இந்த வேலையை அவள் ரொம்பவே விரும்புகிறாள்.

வெண்ணெயும் சர்க்கரையும் நுரைக்க அடித்து, கோகோவும் மைதாவும் சலித்துச் சேர்த்து, உருட்டிய மாவின் மேல் வெள்ளைச் சாக்லேட் துண்டுகளைப் பதித்து ஓவனில் வைத்தாள். மாவே கறுப்பு, அது சிவந்ததா என்று யாருக்குத் தெரியும்? அதனால் அவள் வெள்ளைத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவற்றின் விளிம்பு லேசாகப் பழுப்பேறியதும் எடுத்துவிட வேண்டும். இன்று பதினோராவது நிமிடத்தில் எடுத்தாள். அப்போது தொட்டால் கூழ். ட்ரேயிலேயே பத்து நிமிடம் விட்டால் தானாக இறுகும்.*

* பாத்திரத்தின் மேல் எனக்கு வந்த சந்தேகம் (ட்ரேயைச் சொல்லவில்லை, தங்கையைச் சொல்கிறேன்): இத்தனை பொறுமைசாலி எதையாவது பாதியில் விடுவாளா? பாதியில் விட்டாள் என்பதையே, குக்கீஸைப் போல நேரம் பார்த்து எடுத்துவிட்டாள் என்றும் சொல்லலாம். இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

4

அண்ணன் உள்ளே வந்தான். எதையும் அழுத்திப் பார்ப்பது அவன் தொழில் பழக்கம். ஒரு குக்கீயில் விரல் வைத்தான், விரல் உள்ளே போனது.

"என்னம்மா இது, வேகவே இல்ல. திரும்ப உள்ள வை."

"வெந்துடுச்சு."

"விரல் போகுதுன்னு சொல்றேன்ல?"

"சூட்டுல அப்படித்தாண்ணா இருக்கும். ஆறினா சரியாயிடும்."

"அந்தம்மா முன்னாடி என் மானம் போகணுமா? நீ எதத்தான் முழுசா செஞ்சிருக்க?"

பிடிதுணியோடு ட்ரேயைத் தூக்கிவிட்டான்.

இங்கே பேனா நின்றது. இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன.

(அ) அவன் உள்ளே வைக்கிறான். நான்கு மணிக்கு எல்லாம் கல். கடைக்காரம்மா பல்லைத் தடவிக்கொண்டே போகிறார். எழுத மாட்டேன், போங்கள்.

(ஆ) ஆறியதும் ஒன்றைத் தின்று அண்ணன் கண் கலங்குகிறான். அவனை எனக்குத் தெரியும். கலங்குகிற ஆள் இல்லை.

நான் எழுதியது இது: அவள் துணியோடு ட்ரேயைப் பிடுங்கி மேடையில் வைத்தாள். ஓவனை அணைத்தாள். பிளக்கையும் உருவினாள்.

"தொடாத."

"யார் வீட்டு அடுப்புன்னு ஞாபகம் இருக்கா?"

"அடுப்பு உன்னோடது. இது என்னோடது. பத்து நிமிஷம் யார் விரலும் இதுல படக் கூடாது."

அண்ணன் வாயைத் திறந்தான். அவள் அசையவில்லை.

5

குக்கீஸ் இறுகியதா, கடைக்காரம்மாவுக்குப் பிடித்ததா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். நன்றாக வந்தது என்று நான் எழுதினால், நன்றாக வந்ததால்தான் அவள் பேசியது சரி என்று ஆகிவிடும். "தொடாத" என்றபோதே அவள் சரி. நான்கு மணிக்கு என்ன நடந்தாலும் சரி.

அவள் கேட்ட பத்து நிமிடத்தில் இன்னும் நான்கு இருக்கிறது. முடிவு ட்ரேயில் ஆறிக்கொண்டிருக்கிறது, பொறுத்திருந்தால் அது உங்களுக்குத்தான். அதற்குள் வெந்ததா வேகவில்லையா என்று நீங்கள் விரலை நீட்டினால், அவள் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்வாள்:

"கைய எடுங்க."