ரேகா கட்டிய மடை

கண்ணுகளா, உப்புத் தண்ணீருக்குப் பசி அதிகம். மரக்காணம் உப்பளத்தில் மடையை அடைக்க இரும்புத் தகடு வைத்தால் துருவாக்கித் தின்றுவிடும். மரப்பலகை வைத்தால் ஊறவைத்து ஆணியைத் தின்னும். அந்தப் பசியை அடக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினாள் பக்கத்து ஊர் அனுமந்தையின் ரேகா.

அவள் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவள். சணல் சாக்கைப் பிரித்து, காஸ்டிக் சோடாத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, அடுக்கடுக்காக எபாக்சிப் பசை பூசி ஒரு பலகை செய்தாள். படகுக்குப் போடும் கண்ணாடி நார் என்றால், மடையில் வெறுங்கை விடுகிற பெண்களின் விரலில் சிராய் ஏறும். அதனால்தான் சணல்.

உப்பளத்துக்காரர் சிவஞானம் பலகையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, சாக்குல உப்பைக் கட்டலாம். உப்புத் தண்ணியையே கட்டுவேன்றியா?"

"ஒரு மடைக்குப் போட்டுப் பாருங்கண்ணா. தாங்கலன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"தாங்கிச்சுன்னா எல்லா மடையும் உனக்குத்தான், போ."

மாசி வெயில் ஏறியபோது சிவஞானத்திடமிருந்து போன் வந்தது. "உன் பலகை பூரி மாதிரி உப்பிக்கினு இருக்குது. வந்து எடுத்துக்கினு போ."

ரேகா ஓடிவந்து சேற்றில் குந்தி, பலகையை மடியில் போட்டுத் தடவினாள். பலகையின் முகம் கண்ணாடியாகப் பளபளத்தது. மேலும் கீழும் பழுதில்லை. ஒரே ஒரு ஓரம்தான் அடுக்கடுக்காகப் பிளந்திருந்தது.

"இந்த ஓரத்தை யாரு அறுத்தது?"

பாத்தியில் வேலை செய்யும் முத்தம்மாள் முந்தானையைப் பிசைந்தாள். "நான்தாம்மா. மடைவாய் குறுகலா இருந்துச்சு. மரப்பலகைன்னா ரம்பத்துல ஒரு இழுப்பு இழுத்துத்தானே சொருவுவோம்?"

அறுத்த இடத்தில் நாரின் வாய்கள் திறந்துகொண்டன. ஒவ்வொரு நாரும் இளநீர் உறிஞ்சுகிற மாதிரி உப்புத் தண்ணீரை உறிஞ்சியிருந்தது.

"உன் மேல தப்பு இல்லக்கா. மடைவாயை அளக்காம செஞ்சது நான்தான்."

"சாக்குல பலகை செஞ்சே, இப்போ சாக்கு வேற சொல்றியா?" என்றார் சிவஞானம்.

ரேகா எழுந்து நின்றாள். "உங்ககிட்ட இருக்கிறதுலயே கெட்ட தண்ணி எதுண்ணா?"

உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரை அவர் காட்டினார். கால் வைத்தால் புண் எரியும். அதை வெளியேற்றும் மடை இன்னும் குறுகல். ரேகா உப்பிய ஓரத்தை அறுத்து எறிந்தாள். அந்த மடையின் வாய்க்குச் சரியாகப் பலகையை இழைத்தாள். நன்றாகக் காயவிட்டு, அறுத்த ஓரம் முழுக்க எபாக்சி பூசினாள். அது இறுகிய பிறகுதான் தண்ணீரில் இறக்கினாள்.

மழைக்கு முன்னால் உப்பு வாரி முடிந்தது. பலகையைச் சிவஞானமே உருவி எடுத்தார். சேற்றைக் கழுவினார். ஓரத்தில் நகத்தை நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. தட்டினார், கணீரென்றது. பக்கத்து உப்பளத்துக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஏம்பா, வந்து பாரு. நம்ம பலகை!"

"நேத்து வரைக்கும் சாக்கு, இன்னிக்கு நம்ம பலகையா?" என்றாள் முத்தம்மாள். பெண்கள் எல்லாரும் வாரிய உப்பு மேலேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

அவர் வெட்கத்தோடு ரேகாவைப் பார்த்தார். "எல்லா மடையையும் அளந்துக்கோம்மா."

முத்தம்மாள் கயிற்றைப் பிடிக்க, ரேகா ஒவ்வொரு மடைவாயாக அளந்தாள். பிறகு பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள். படகுகளில் சாமி பேரும் படகுக்காரர் பிள்ளைகள் பேருமாக எத்தனையோ எழுதிய கை அது, கண்ணுகளா. அந்தப் பலகையில் தன் பேரை எழுதத் தொடங்கினாள்.

"என் மடையில உன் பேரா?" என்றார் சிவஞானம்.

"தண்ணியைக் கட்டினது யாருன்னு தெரிய வேணாமாண்ணா?"

"பெருசா போடும்மா," என்றாள் முத்தம்மாள். "பஸ்ல போறவனுக்கும் தெரியட்டும்."