மூணாம் போர்ட்

மூவாரில் உள்ள அந்த நாற்காலித் தொழிற்சாலையில் காலை எட்டிலிருந்து ஒரு ரம்பமும் ஓடவில்லை. வெட்டும் இயந்திரங்களுக்கு அலுவலகக் கணினியிலிருந்து வரைபடம் வர வேண்டும், வரவில்லை. இரண்டுக்கும் நடுவே காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டியின் முன்னால் ஷர்மினி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். பெட்டியைப் பராமரிப்பது ஜோகூர் பாருவில் அவள் வேலை செய்யும் நிறுவனம்.

மேலாளர் சதாசிவம் அடிக்கடி கதவருகே வந்து நின்றார். மூன்று மணிக்குக் கண்டெய்னர் கிளம்ப வேண்டும் என்று நான்கு முறை சொல்லிவிட்டார். யார் கை வைத்தது என்றும் கேட்டார்.

அவளுக்கும் அதுதான் பயம். கடைசியாகப் பெட்டியைத் தொட்டவன் அவளோடு வேலை செய்யும் ஹேமநாதன். வரும் வெள்ளிக்கிழமை அவனை நிரந்தரமாக்குவதா என்று அவர்கள் முதலாளி சுகுமாறன் முடிவு செய்வார். அவன் வேலை நிரந்தரமானால்தான் அவர்கள் கல்யாணப் பேச்சு என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

கறுப்புத் திரையில், இணைப்பு இருக்கிறதா என்று கேட்கும் பிங் கட்டளை கொடுத்தாள். அலுவலகக் கணினி பதில் சொன்னது. இயந்திரங்கள் சொல்லவில்லை. மறுபடி கொடுத்தாள். பாதைப் பட்டியலைக் கேட்டாள். இயந்திரங்கள் இருக்கும் பக்கத்துக்கான வரியையே காணோம். பெட்டியில் கேபிள் செருகும் போர்ட்டுகளை வரிசையாகக் கேட்டாள். மூன்றாவது, கட்டளை கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. யார் எப்போது கை வைத்தார்கள் என்று காட்டும் லாக் பதிவேட்டைத் திறக்கத் தயங்கி, திறந்தாள். நேற்று மாலை 5:42. ஹேமநாதன்.

தொழிற்சாலை மூடியபின். அதனால்தான் காலைவரை யாருக்கும் தெரியவில்லை.

அவனுக்குப் போன் செய்தாள்.

"நீதானே ஷர்மி சொன்ன? மூணாம் போர்ட்ட மூடிருன்னு. மூடிட்டேன்."

நேற்று பெக்கான் நானாஸிலிருந்து கார் ஓட்டிக்கொண்டே போனில் அவனிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. வெளியார் நுழையக்கூடிய எண்களையும் போர்ட் என்றுதான் சொல்வார்கள்; அந்தப் பட்டியலில் மூன்றாவதைத் தடுக்கச் சொன்னாள். அவன் வீட்டில் லைட்டையும் ஃபேனையும் அணைக்க 'மூடு' என்பார்கள். பெட்டியின் மூன்றாவது போர்ட்டையே அணைத்துவிட்டான். அவள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

"ரிப்போர்ட்ல என் பேரு வருமா?" அவன் குரல் இறங்கியது.

"லாக்ல இருக்கு. அழிக்க முடியாது லா."

போர்ட்டைத் திறந்துவிட்டு மறுபடி பிங் கொடுத்தாள். பதில் வரிகள் மளமளவென்று இறங்கின. சுவருக்கு அப்பால் ஒரு ரம்பம் கிளம்பியது, இன்னொன்று. திறந்தே கிடந்த அந்த மூன்றாவது எண்ணை இந்த முறை தானே தடுத்தாள்.

அறிக்கையில் ஹேமநாதன் செய்ததை எழுதினாள். அதன் கீழே: 'கட்டளை வாய்மொழியாக, தெளிவில்லாமல் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்: ஷர்மினி.' சுகுமாறனுக்கு அனுப்பினாள். கேபிளைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

சுகுமாறன் அழைத்தபோது அவர் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. பெரிய வாடிக்கையாளர்களை இனி மூன்று மாதம் அவள் தனியாகப் பார்க்க வேண்டாம் என்றார். அவள் ஹேமநாதனைப் பற்றிக் கேட்டாள்.

"நீ எழுதலன்னா அவன வேலையவிட்டு அனுப்பியிருப்பேன்மா. வெள்ளிக்கிழமை நிரந்தர வேலை லெட்டர் வாங்கிக்கச் சொல்லு. இனிமே எதையும் எழுதி அனுப்புங்க, ரெண்டு பேரும்."

வெளியே வந்து காரில் ஏறும் முன் செய்தி தட்டினாள்: 'வெள்ளிக்கிழமை லெட்டர். ஞாயிறு காலை பத்து மணி, எங்க வீடு, அப்பாவைப் பார்க்கணும்.'

பதில் உடனே வந்தது: 'வாயை மூடிக்கிட்டு வரவா, திறந்துக்கிட்டு வரவா? எழுதி அனுப்பு.'