ஒரு மடக்குத் தண்ணீர்

அந்த யோசனையைச் சொன்னது நான்தான்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும், மூன்று நாள் உபவாசம் இருக்கப்போவதாக அண்ணன் ஸ்டெர்லின் சொன்னான். சோறு கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஞாயிறு மதியம் ஜெபவீட்டில், ஆண்டவர் தனக்குச் செய்ததை எல்லோர் முன்னும் சாட்சியாகச் சொல்லி முடிப்பான். அது மே மாதம். தாராவியில் எங்கள் வீட்டுத் தகரக் கூரை காலை பத்து மணிக்கே கொதிக்கும்.

"இருந்துக்கோ. ஆனா மாத்திரைய நிப்பாட்டக் கூடாது" என்றேன்.

"மாத்திரைய முழுங்கத் தண்ணி வேணும்லா?"

"ஒரு மடக்கு. அதெல்லாம் உபவாசத்துல சேராது."

"சரி. உனக்காக" என்றான். அம்மா பெருமூச்சு விட்டாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அப்பா இறந்தபின் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மாத்திரை விஷயம் வேறு யாருக்கும் தெரியாது.

இரண்டு வருடங்களுக்கு முன், விக்ரோலியில் ஒரு கூரியர் கிடங்கில் அண்ணன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று நான்கு நாள் தூங்கவில்லை. ஆண்டவர் தன்னோடு பேசுகிறார் என்றான். குர்லா ஸ்டேஷனில் நின்று, போகிறவர் வருகிறவர் கையைப் பிடித்து ஜெபித்தான். போனை யாருக்கோ கொடுத்துவிட்டான். ஐந்தாம் நாள், ரயில் தன்னை ஒன்றும் செய்யாது என்று சொல்லித் தண்டவாளத்தில் இறங்கினான். இரண்டு போலீஸ்காரர்கள் மேலே இழுத்துப் போட்டார்கள். டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி லித்தியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணன் தூங்கினான்.

ஆனால் அந்த நான்கு நாட்களில்தான் அவன் குடியையும் விட்டான். அம்மா ஆறு வருடம் அழுதும் விடாதவன், அதன்பின் தொடவே இல்லை. நான் நோய் என்று சொல்லும்போதெல்லாம் அம்மா இதைத்தான் கேட்பாள்: "சீக்கு வந்து எவனாவது நல்லவனா ஆவானாட்டி?" நான் படித்தது வேதியியல். குர்லாவில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன்.

மாத்திரை தொடங்கியபின் அந்தக் குரல் நின்றுவிட்டது. "வீட்டுல யாரோ செத்துப்போன மாதிரி இருக்குட்டி" என்று அண்ணன் ஒருமுறை சொன்னான். உபவாசமும் அதற்காகத்தான். இன்னும் ஒரே ஒருமுறை ஆண்டவர் பேச வேண்டும்.

ஞாயிறு காலை அவன் வாந்தி எடுத்தான். பித்தம் என்றாள் அம்மா. நான் மாத்திரையையும் டம்ளரையும் நீட்டினேன். டம்ளர் ஆடி, பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. மூன்று நாள் சாப்பிடாதவன் கை ஆடத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஜெபவீடு ஒரு பை தைக்கும் பட்டறையின் மாடி. நாற்பது பேர், மூன்று மின்விசிறிகள். பக்கத்து வீட்டு மாரிசெல்வி அக்கா என் அருகில் இருந்தாள். அவள் வரத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகிறது.

"உங்கண்ணன் மைக்கப் பிடிச்சா இன்னைக்குச் சோறு நாலு மணிக்குத்தான்" என்று காதருகே சொன்னாள்.

"சும்மா இருக்கா."

"நான் சும்மாத்தான் இருக்கேன் புள்ள. வயிறுதான் சத்தம் போடுது."

அண்ணன் மேடை ஏறினான். ஓடும் ரயிலில் நிற்பவனைப் போலக் கால்களை அகட்டி நின்றான். மைக் பல்லில் இடித்தது. முதல் வார்த்தை தெளிவாக வந்தது. அதன்பின் நாக்கு தடித்துக் குழறியது. இரண்டு கைகளும் பெரிதாக உதறின. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். இரண்டு வருடங்களாக நான் அதைப் பார்க்கவில்லை.

"ஸ்தோத்திரம்!" என்றார் பாஸ்டர் சேசுராஜ். அவர் கண் கலங்கியிருந்தது. "அந்தக் கையப் பாருங்க! ஆவியானவர் எறங்கிட்டாரு!"

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா முழங்காலிட்டு அழுதாள். நானும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனிம அட்டவணையில் லித்தியத்துக்கு நேர் கீழே இருப்பது சோடியம். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கூடவே லித்தியத்தையும். மூன்று நாள் வியர்வை, காலையும் இரவும் மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணீர். மாத்திரை இல்லாத உபவாசத்தில் இது வந்திருக்காது. உபவாசம் இல்லாத மாத்திரையிலும் வந்திருக்காது. இரண்டையும் சேர்த்துவைத்தது நான். குழறல், உதறல், காலையில் வாந்தி. அடுத்து வலிப்பு வரலாம்.

அந்த மாடியில் நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பாட்டுக்குக்கூட உதடு மட்டும்தான் அசையும். எழுந்து மேடைக்குப் போனேன்.

"வாம்மா லிசா, நீயும் சாட்சி சொல்லப்போறியா?" என்றார் பாஸ்டர். "அல்லேலூயா" என்றார்கள் நாலைந்து பேர்.

"அண்ணன் மாத்திரை சாப்பிடுதான், பாஸ்டர். மனநோய்க்கு. ரெண்டு வருசமா." என் குரல் எனக்கே கேட்கவில்லை. மைக் பக்கத்தில் இருந்ததால் மற்ற எல்லோருக்கும் கேட்டது. "தண்ணி குடிக்காததுனால அது ஒடம்புல ஏறி விசமாயிருக்கு. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"ஏட்டி, கீழ எறங்கு!" அம்மா கத்தினாள். "குடும்ப மானத்த வாங்காத!"

பாஸ்டர் மெல்லச் சொன்னார்: "இன்னும் அரைமணி நேரந்தானம்மா. ஜெபத்தோட முடிச்சிட்டுப் போகலாமே."

"அரைமணி நேரத்துல என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது, பாஸ்டர். அதான் பயமா இருக்கு."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டேனே என்று திட்டுவான் என நினைத்தேன். திட்டவில்லை.

"லிசா" என்றான் குழறலாக. "இது... அவர்தானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு அழைத்துப்போயிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"இல்லண்ணே. இது மாத்திரை."

மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். சந்தோஷம் முகத்திலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன். பாஸ்டர் குனிந்து அவன் கையைத் தன் கைக்குள் பிடித்துப் பார்த்தார். பிடித்தும் அது நிற்கவில்லை.

"டாக்சி பிடிங்கப்பா" என்றார். அண்ணனைத் தூக்கியபோது தலைப்பக்கத்தை அவரே பிடித்துப் படி இறக்கினார்.

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். லித்தியம் அளவு 2.4 இருந்தது. ஒன்றரைக்கு மேலே போனாலே ஆபத்து. சலைன் ஏற்றினார்கள். இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்தாள். பாஸ்டர் இளநீரோடு வந்தார். "யாரு என்ன மருந்து சாப்பிடுதாங்கன்னு நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லம்மா" என்றார்.

நான்காம் நாள் அண்ணனின் பேச்சு தெளிந்தது.

"அப்போ குர்லா ஸ்டேஷன்ல பேசினது?" என்று கேட்டான்.

"தெரியலண்ணே."

"பிஎஸ்ஸி படிச்ச உனக்கே தெரியலயா?"

"கை ஆடினது ஏன்னு தெரியும். மத்தது தெரியாது."

மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னய மன்னிச்சிரு" என்றேன்.

"எதுக்கு? மாத்திரை குடுத்ததுக்கா, மேடை ஏறினதுக்கா?"

"குடுத்ததுக்கு."

"ஏறினதுக்கு?"

"அதுக்கு இல்ல."

அவன் சிரித்தான். அதற்குள் டாக்டர் வந்தார். என் வயதுதான் இருக்கும். சிறுநீரகம் தப்பித்துவிட்டது, மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாம் என்று இந்தியில் சொன்னார். நிறுத்தினால் என்ன நடக்கலாம் என்பதையும் சொன்னார். முடிவை அண்ணனிடம் விட்டார்.

அவன் தன் கையைத் தூக்கிப் பார்த்தான்.

"லே லூங்கா" என்று கடைசியில் சொன்னான். சாப்பிடுகிறேன்.

டாக்டர் போனபின் என்னிடம், "அவர் பேசாட்டாப் போவுது. நான் பேசிக்கிடுதேன்" என்றான். கண்ணை மூடிக்கொண்டான். உதடுகள் அசைந்தன. என்ன சொல்கிறான் என்று எனக்குக் கேட்கவில்லை.

நர்ஸ் ஊசியோடு வந்து, அன்றைய ரத்தம் எடுக்க வேண்டும் என்றார். அவன் கண்ணைத் திறக்காமல், ஜெபத்தை நிறுத்தாமல் கையை நீட்டினான். அது ஆடாமல் இருக்க நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.