எழுபத்திரண்டு கதவுகள்

படியை மேலிருந்துதான் கழுவ வேண்டும். அதனால் விடிவதற்கு முன்பே நாங்கள் ஆறு பெண்கள் ஆளுக்கு இரண்டு வாளித் தண்ணீரோடு ஒன்பது மாடி ஏறுவோம். லிஃப்ட் செத்து நான்கு மாதம். மேல்மாடிக் குழாய்களில் தண்ணீர் ஏறாது. ஆறாவது மாடி வரும்போது வாளியின் கம்பிப் பிடி விரல் மடிப்பில் புதைந்திருக்கும். வாளியைக் கீழே வைத்த பிறகும் விரல் நிமிராது. பிளீச்சிங் பவுடரைத் தூவி ஒரு தேய் தேய்த்தால் முந்தின நாள் மூத்திர நாற்றமும் சுண்ணாம்பு நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறும். கண் எரியும். கண்ணைத் துடைக்கக் கை உதவாது, கையிலும் அதேதான்.

கட்டடம் கம்பெனியுடையது, நாங்கள் குடியிருப்பதும் அதில்தான். எங்களை வேலைக்கு வைத்திருப்பது தேவாலயத்தின் உதவி மன்றம். கூலி போன வருடத்தைவிடக் குறைந்துவிட்டது, கேட்டால் "இது சேவைம்மா" என்பார் செயலாளர். சேவை செய்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கூலிக்காரிகள் நாங்கள் முட்டி போட்டிருப்போம்.

ஆனாலும் பொய் சொல்ல எனக்கு வராது. மன்றம் எங்களுக்குச் செய்திருக்கிறது. குளிருக்குப் போர்வை, பிள்ளைகளுக்குப் பை, கிழடுகளுக்கு மாத்திரை. என் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டபோது வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவர்கள்தான். அந்த நன்றியில்தான் நான் கெட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எட்டாவது மாடியில் தனியாக இருந்த ஒரு மனிதர் கட்டிலை விட்டு விழுந்து, எழ முடியாமல், மூன்றாம் நாள்தான் பிணமாகக் கிடைத்தார். கதவு உள்ளே பூட்டியிருந்தது. எல்லோரும் கலங்கிப்போனோம். அப்போதுதான் மன்றம் சொன்னது: ஒவ்வொரு வீட்டாரும் ஒரு மாற்றுச் சாவியை எங்களிடம் கொடுத்து வையுங்கள், ஆபத்துக்கு உதவும். வீடு வீடாகப் போய் வாங்கி வந்தவள் நான். எழுபத்திரண்டு வீடு. கொடுக்க யோசித்தவர்களிடம், "என்னை நம்பிக் குடுங்க" என்றேன். மன்ற அலுவலகத்துப் பலகையில் ஆணி அடித்து, எண் எழுதி, ஒவ்வொன்றாக மாட்டியதும் என் கைதான். முப்பத்தேழாம் ஆணியில் என் அக்கா வீட்டுச் சாவி.

அக்காவுக்கு ஐந்தாவது மாடி. வீட்டிலேயே தையல். அத்தான் லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அவர் அக்காவின் துணி மூட்டையைத் தோளில் வைத்து இறங்கும்போது, நாங்கள் மூன்று முறை புகார் கொடுத்தும் யாரும் பூசாத உடைந்த படி ஒன்று காலை வாரியது. இடுப்பெலும்பு. லாரி லாரியாக மூட்டை இறக்கின மனுசன், லிஃப்ட் இல்லாததால், நாற்காலியில் கட்டப்பட்டு நாலு பேர் கையில் இறங்கினார்.

அக்கா ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். எட்டாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வந்தவள் முற்றத்திலேயே நின்றுவிட்டாள். கட்டில், பாத்திரம், பெட்டி, எல்லாம் மழையில் கிடந்தன. தையல் மெஷினில் ஊசிக்கு அடியில் பாதி தைத்த பள்ளிக்கூடச் சட்டை ஒன்று நனைந்து தொங்கியது. மேலே போய்ப் பார்த்தால் கதவில் கம்பெனியின் புதுக் கொண்டி, புதுப் பூட்டு. பக்கத்தில் ஒரு தாள்: ஆள் குடியிருக்காத வீடு.

கடைக்குப் போயிருந்த நான் சேதி கேட்டு ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தேன். உதறினாள்.

"கதவு உடையலடி. சாவி போட்டுத் திறந்திருக்காங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் சாவிய நான் யார் கையில குடுத்தேன்?"

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் என் வீட்டில்தான் படுத்தாள், சுவர்ப்பக்கம் திரும்பி. என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வேலை முடிந்து ஆறு பேரும் மன்ற அலுவலகத்துக்குள் நுழைந்தோம். பலகையில் முப்பத்தேழாம் ஆணி மொட்டையாக இருந்தது. செயலாளருக்கு எதிரே கம்பெனி மேனேஜர் கால்மேல் கால் போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா வீட்டுச் சாவி எங்க சார்?" என்றேன்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரிசோதனைக்குன்னு கேட்டாங்கம்மா. கட்டடம் அவங்களுது. எப்படி மாட்டேங்கிறது?"

"ஆபத்துக்குன்னுதானே வாங்கினீங்க?"

"இடிக்கிற நிலையில இருக்கிற கட்டடத்துல குடியிருக்கிறதே ஆபத்துதான்," என்றார் மேனேஜர். "புதுசா கட்டப் போறோம். மன்றத்துக்குப் பெரிய மண்டபம் வருது. எல்லாருக்கும் நல்லதுதான்."

"எங்களுக்கு?"

"வேற இடம் பார்த்துக்கலாமே."

"பார்க்க மாட்டோம்னா?"

அவர் சிரித்தார். "நீங்க வெளிய போறப்ப நாங்க உள்ள வருவோம். எழுபத்திரண்டு சாவிக்கும் நகல் இருக்கு. கதவை உடைச்சாத்தான் வம்பு வழக்கு. சாவி போட்டுத் திறந்தா என்ன வழக்கு? நீங்களே குடுத்த சாவி."

என் கையில் கழிப்பறை கழுவும் ஆசிட் கேன் இருந்தது. மூடி கழன்றுதான் இருந்தது. மறைக்க மாட்டேன், அந்தச் சிரித்த வாயை நான் அளந்து பார்த்தேன். இரண்டு எட்டு தூரம். பிறகு செயலாளரின் முகம், பிறகு அந்தப் பலகை. மூன்றுக்கும் போதும் என்று தோன்றியது.

என் மணிக்கட்டை யாரோ இறுகப் பிடித்தார்கள். ரேடியோ. எங்களோடு படி கழுவுகிறவள். வாய் ஓயாததால் அந்தப் பெயர். அன்றைக்கு மட்டும் மெதுவாகப் பேசினாள்.

"கீழ வைடி. அவன் மூஞ்சி வெந்தா அவனுக்கு ஆஸ்பத்திரி, உனக்கு ஜெயில். நடுவுல வீடு அவன் கைக்குப் போயிடும். இவ்வளவு மலிவாவா விடப்போற?"

கேனை வைத்தேன். கோபத்தை வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் முற்றத்தில் கூடினோம். ஐம்பது அறுபது பேர் இருக்கும். மேனேஜர் சொன்னதை நான் சொன்னேன். சாவி வாங்கினவள் நான் என்பதையும் சொன்னேன். கூட்டத்தில் ஒருத்தி என் காலடியில் காறித் துப்பினாள். துப்பட்டும் என்று நின்றேன்.

அப்போது இரண்டாவது மாடிப் பூட்டுக்காரர் எழுந்தார். கடைத்தெரு முனையில் சாவி அறுத்துக் கொடுக்கிறவர். விரல் நுனியெல்லாம் பித்தளைத் தூள்.

"அவளை மட்டும் துப்பாதீங்க. நகல் அத்தனையும் அறுத்தது நான்தான். மன்றத்துல இருந்து கொண்டாந்தாங்க, பத்திரத்துக்குன்னாங்க. என் வீட்டுச் சாவியையும் நானே அறுத்துக் குடுத்திருக்கேன். என்னை மாதிரி மடையன் எவனாவது உண்டா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு போனார். பூட்டுக்காரர் நகரவில்லை.

"அடிச்சிட்டுக் கேளுங்க. இல்ல, கேட்டுட்டு அடிங்க. எழுபத்திரண்டு கதவுலயும் பூட்டு ஒரே அளவு, ஒரே திருகு. கட்டினப்ப மொத்தமா வாங்கிப் போட்டிருக்கான். புதுப் பூட்டு வாங்க நமக்கு வக்கில்ல. ஆனா ஒம்பதாம் மாடிப் பூட்டை நாலாம் மாடிக்கும், நாலாம் மாடிப் பூட்டை ஏழுக்கும் மாத்தலாமே? பூட்டு எந்த வீட்டுக்குப் போகுதோ அதோட சாவியும் அந்த வீட்டுக்கே போகும். அவன்கிட்ட இருக்கிற கொத்துல எது எந்தக் கதவுன்னு எண் போட்டு வச்சிருக்கான். அந்த எண் எல்லாம் பொய்யாப் போயிடும்."

"வேற வேற சாவிய மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தா?" என்றார் கை ஓங்கினவர்.

"பார்க்கட்டும். ஒரு கதவுக்கு அரை மணி நேரம் நின்னு எழுபத்திரண்டு சாவியும் நுழைக்கணும். அது வரைக்கும் நீங்க எல்லாம் என்ன, வேடிக்கை பார்ப்பீங்களா?"

ஓங்கின கை இறங்கியது.

"அப்ப என் வீட்டுச் சாவி எதிர் வீட்டுக்காரன்கிட்ட இருக்குமா?" என்று ஒரு குரல்.

"இவ்வளவு நாள் எதிரிகிட்ட இருந்துச்சு. எதிர் வீட்டுல இருந்தா என்னவாம்?" என்றாள் ரேடியோ.

ஞாயிறு காலை ஆராதனை நேரத்தைத் தேர்ந்தெடுத்தோம். செயலாளரும் அலுவலகக்காரர்களும் தேவாலயத்தில் இருப்பார்கள். ரேடியோ பாடகர் குழுவில் இருப்பவள். முடிகிற நேரத்தில் கடைசிப் பாட்டை இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று இழுத்துக்கொண்டே போனாளாம். "போதகர் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நம்ம ஜனத்துக்கு இவ்வளவு பக்தியான்னு," என்று பிறகு சொன்னாள்.

இங்கே ஒன்பது மாடியிலும் திருப்புளிச் சத்தம். வீட்டில் கத்தி மட்டும் இருந்தவர்கள் கத்தி முனையால் திருகைக் கழற்றினார்கள். பெயின்ட் அப்பி இறுகிப் போயிருந்த திருகுகளில் எண்ணெய் விட்டு, துணியைச் சுற்றி, பல்லைக் கடித்துத் திருகினோம். கழற்றிய பூட்டுகளை வாளியில் போட்டு மாடிக்கு மாடி தூக்கினோம். அதே வாளி, அதே விரல் மடிப்பு. ஆனால் அன்றைக்கு எனக்கு வலிக்கவில்லை. ஒவ்வொரு திருகையும் அந்த மேனேஜரின் காதுக்குள் முறுக்குவதாக நினைத்து முறுக்கினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

அக்கா வீட்டுக் கொண்டியைப் பூட்டுக்காரரே பெயர்த்தார். மெஷினை நாலு பேர் தூக்கி உள்ளே வைத்தோம். அக்கா ஈரச் சட்டையை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். என் பக்கம் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை நாங்கள் படி கழுவவில்லை. வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தோம். குறைந்த கூலி பழைய நிலைக்கு வர வேண்டும், லிஃப்ட் ஓட வேண்டும், யாரையும் வெளியேற்றக் கூடாது என்று தாளில் எழுதி மன்றக் கதவில் ஒட்டினோம். வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் போகவில்லை.

ஒன்பது மணிக்கு மேனேஜர் வந்தார். கூட நான்கு தடியர்கள், கையில் சாவிக் கொத்து. பின்னால் செயலாளர். ஐந்து மாடி ஏறி வரும்போது மேனேஜருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. முப்பத்தேழில் சாவி நுழையவில்லை. முப்பத்தெட்டில் நுழைந்தது, திரும்பவில்லை. முப்பத்தொன்பதில் பாதியில் மாட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. ஒவ்வொரு கதவிலும் அவர் கழுத்து சிவந்துகொண்டே போவதைப் படியில் உட்கார்ந்து பார்த்தோம். மேலே ஒன்பதாம் மாடி வரைக்கும், கீழே முற்றம் வரைக்கும் படி முழுக்க ஆட்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அந்த அழகு கெட்டுவிடும்.

"உடைங்கடா!" என்று கத்தினார்.

தடியர்களில் ஒருவன் கதவைப் பார்த்தான், படியைப் பார்த்தான். "இத்தனை பேர் முன்னாடியா சார்?"

செயலாளர் என்னிடம் குனிந்தார். அவர் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது. "உங்களுக்கு எவ்வளவு செஞ்சோம்மா. இதுதானா பதில்?"

"செஞ்சீங்க சார். மறக்கல. நீங்க குடுத்த போர்வைய நனைய வெளிய எறிஞ்சதும் மறக்கல. முதல்ல எங்க அக்கா கிட்டப் போய்ப் பேசுங்க. உள்ளதான் இருக்கா."

அவர் அந்தக் கதவைப் பார்த்தார். தட்ட அவருக்குக் கை வரவில்லை.

"நாளைக்குப் போலீஸோட வரேன்," என்றார் மேனேஜர்.

"வாங்க," என்றாள் ரேடியோ. "லிஃப்ட் ஓடாது. அவங்களையும் ஏறித்தான் வரச் சொல்லணும்."

அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. ஒன்பது மாடியும் சிரித்தது. அவர்கள் இறங்கிப் போகும் வரைக்கும் அந்தச் சிரிப்பை நாங்கள் நிறுத்தவில்லை, வேண்டுமென்றே.

சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. அவள் மெஷினில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு சாவி யார்கிட்டயாவது இருக்கணும். அத்தானை வேற நாளைக்கு அனுப்புறாங்க. அவசரத்துக்கு…"

"உன்கிட்ட சாவி குடுக்க மாட்டேன்," என்றாள். மூன்று நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள். "நீ வந்து தட்டு. நான் திறக்கிறேன்."

அது போதும் எனக்கு. வீட்டுக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

செவ்வாய் காலை அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தோம். போலீஸ் வண்டி ஏற்கெனவே முற்றத்தில் நின்றது. மேனேஜர் கையில் ஏதோ தாள். நாங்கள் பேச்சுக் கொடுக்காமல் அத்தானை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டினோம். பூட்டுக்காரரும் மூன்று பேரும் தூக்கினார்கள். மாடிக்கு மாடி ஆள் மாறியது. ஒவ்வொரு திருப்பத்திலும் நான்கு பேர் தோளைத் தயாராக வைத்து நின்றிருந்தார்கள். "மெதுவாடா, நான் மூட்டை இல்ல," என்று அத்தான் திட்டிக்கொண்டே வந்தார். பின்னால் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. அவர்களுக்கு வழிவிடாமல் படி நிறைய நாங்கள் ஏறினோம்.

ஐந்தாவது மாடியில் நாற்காலியை இறக்கினார்கள். நான் கதவைத் தட்டினேன்.

"யாரது?" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

அத்தான் வாயைத் திறப்பதற்குள் படி முழுவதும் குரல் கொடுத்தது.

"நாங்கதான்!"

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பூட்ஸ் சத்தம் நான்காவது மாடித் திருப்பத்தில் நின்றிருந்தது.