காருக்கு மட்டும்

உப்பளத்தை ஒட்டியிருந்த அந்த வீட்டுக்குப் பட்டா இல்லை. அதனால் வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட முடியாது என்று ஏஜென்ட் விஜயகுமார் சொல்லிவிட்டார். ஷஃபியும் ஹஸ்னாவும் வீட்டுக்கென ஒதுக்கியிருந்த பணத்தையும் சேர்த்து, தங்கள் பழைய காருக்கு முழு இன்சூரன்ஸ் எடுத்தார்கள்.

கார்த்திகையில் புயல் வந்தது. பாத்திகளின் வரப்புகள் வெள்ளத்தில் மறைந்து, சாம்பல் நிற வானம் வாசல்வரை வந்து கிடந்தது. ஹஸ்னா தன் தையல் மெஷினைத் தூக்கிக் காரின் பின் சீட்டில் வைத்தாள். தைக்க வந்த துணிகளையும் அதன்மேல் அடுக்கினாள்.

"என்னா பண்ற?" என்றான் ஷஃபி.

"காருக்குத்தானே இன்சூரன்ஸ் இருக்குது? உள்ள வச்சா இதுக்கும் கெடைக்கும்ல."

அவனுக்கும் அது சரியாகவே பட்டது. இருந்தாலும் விஜயகுமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"பாய், காருக்கு மட்டும்தான். உள்ள இருக்கற சாமானுக்குக் கெடையாது."

"உள்ள உக்கார்ற ஆளுக்கு?" ஹஸ்னா கேட்டாள்.

"ஓட்டுற ஓனருக்கு இருக்குதும்மா. கூட வர்றவங்களுக்குத் தனியா கட்டணும். நீங்கதான் அது வேணாம்னீங்க."

"பாத்தியா, என்னை மட்டும்தான் மதிக்கறாங்க" என்றான் ஷஃபி. அவள் சிரிக்கவில்லை.

மெஷினை இறக்கி வைக்க வீட்டுக்குள் உலர்ந்த இடம் இல்லை. ஹஸ்னா பின் சீட்டில் அதை அணைத்தபடி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

ஷஃபி சாவியைத் திருப்பினான். ரோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.