ஆறாம் தொட்டி

தம்பி ஜன்னலுக்கு அடியில் செருப்பைத் தேடியபோது அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் அக்கா, தலைமாட்டில் அவள் கணவரான மாமா, கால்மாட்டில் சித்தி, பிளாஸ்டிக் நாற்காலிகளில் இறால் பண்ணையிலிருந்து வந்த நான்கு பேர், வாசற்படியில் பக்கத்து வீட்டு டெய்லர்.

அக்கா முந்தைய நாள் மதியம் கொட்டகை வேலையை முடித்துக் குளித்துவிட்டு, பின்வாசல் படியில் உட்கார்ந்து தலை துவட்டியிருக்கிறாள். அப்படியே சாய்ந்துவிட்டாள். ஐம்பத்து மூன்று வயது. இதயம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

“எங்கே கிளம்பிட்டே?” என்றாள் சித்தி.

“கொட்டகைக்கு. இறாலுக்குத் தீவனம் போடணும்.”

“பொணம் வீட்டுல கிடக்குது. இவன் இறாலுக்குப் பந்தி வைக்கப் போறானாம்.”

“நேத்து சாயங்காலத்துலேர்ந்து பட்டினி சித்தி, அதுங்க.”

“நாங்க மட்டும் இங்க விருந்தா சாப்பிட்டோம்?”

மாமா தலையைத் தூக்கவில்லை. “போகட்டும் விடுங்க. இல்லேன்னா அவளே எந்திரிச்சுப் போயிடுவா.”

நாற்காலியில் இருந்த ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்துக்கொண்டார்.

கொட்டகை பண்ணையின் கடைசியில், குளங்களிலிருந்து விலகித் தனியாக இருந்தது. உள்ளே ஆறு தொட்டிகள், தொட்டிக்கு நூறு இறால். ஒன்பது நாள் முன்பு ஆறிலும் சோதனைக்காக, இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸை விட்டிருந்தார்கள். முதல் மூன்று தொட்டிகளுக்கு ஆரம்பத்திலிருந்தே பச்சைத் தீவனம். அதில் கலந்திருந்தது ஆய்வுக்கூடத்தில் மாற்றி அமைத்த பாசி. வைரஸைத் தடுக்கும் சரக்கை அந்தப் பாசி தன் உடம்புக்குள்ளேயே செய்துகொள்ளும் என்றார்கள். மற்ற மூன்றுக்கும் சாதாரணத் தீவனம். முதல் மூன்று பிழைக்க வேண்டும், பின் மூன்று சாக வேண்டும். இவை சாகாவிட்டால் அவை பிழைத்ததற்கு அர்த்தமே இல்லை. இரண்டு பக்கமும் தீவனம் போட்டுச் செத்ததைப் பொறுக்கி எண்ணி நோட்டில் எழுதுவது அக்காவின் வேலை. தம்பி இரவில் வெளியே ஜெனரேட்டரையும் காற்றுப் பம்பையும் பார்த்துக்கொள்பவன். காலை ஆறு மணிக்கு வாசலில் ஒருவரையொருவர் தாண்டிப் போவார்கள். “சாப்பிட்டியா?” “ம்.” பத்து வருடமாக அங்கே அவ்வளவுதான் பேச்சு.

உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான். நோய்க் கொட்டகை என்பதால் உள்ளே போன துணி, பேனா, நோட்டு எதுவும் வெளியே வரக்கூடாது. போனவரும் முன்வாசல் வழியாகத் திரும்பக்கூடாது. பின்பக்கக் குளியலறையில் குளித்து, வேறு துணி மாற்றி, அந்தப் பக்கமாகத்தான் வெளியேற வேண்டும்.

தம்பி உள்ளே போய் டார்ச்சை அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று: துறுதுறுவென்று இருந்தன. நான்காம் தொட்டியில் இரண்டு மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. ஐந்து காலி.

ஆறில் வெளிச்சம் பட்டதும் தண்ணீர் முழுவதும் நகர்ந்தது.

அவன் டார்ச்சை அணைத்தான். தப்பான தொட்டிக்கு வந்துவிட்டோமோ என்று எண் பலகையைத் தடவிப் பார்த்தான். ஆறுதான். மறுபடி வெளிச்சம் அடித்தான். கண்ணாடி மாதிரி உடம்பு, முதுகோடு ஓடும் குடல். சாதாரணத் தீவனம் தின்றால் குடல் பழுப்பாகத் தெரியும். ‘தின்னதை மறைக்கத் தெரியாத ஜென்மம்’ என்று அக்கா சொல்வாள். இவற்றின் முதுகில் ஓடியது பச்சை. ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை நூல். நீந்தும் திசையெல்லாம் அந்த நூல்கள் வளைந்தன, நிமிர்ந்தன, ஒன்றையொன்று தாண்டின. அவன் எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை.

பிறகுதான் உறைத்தது. அக்கா போட்டிருக்கிறாள். சாக வேண்டிய தொட்டிக்குப் பச்சைத் தீவனம். டாக்டரம்மாவின் மூன்று வருட வேலை. அந்தப் பாசியை உருவாக்கிய ஆராய்ச்சிக்காரியைப் பண்ணையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இன்று மதியம் அவள் துக்கத்துக்கு வருகிறாள். பண்ணையில் நாளைக்கு என்ன பேசுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். செத்தவளைச் சொல்லக்கூடாது, ஆனாலும் கை சுத்தமில்லை.

சுவரில் கைவலை மாட்டியிருந்தது. மூலையில் செத்ததைப் போடும் குளோரின் பீப்பாய். கால் மணி நேர வேலை. அள்ளிப் போட்டு, நோட்டில் ‘எல்லாம் செத்தது’ என்று ஒரு வரி. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவன் வலையை எடுத்தான்.

என்ன எழுதுவது என்று பார்க்க நோட்டைத் திறந்தான்.

ஆறாம் தொட்டி, அக்காவின் குண்டு எழுத்தில். மூன்றாம் நாள் ஆறு. நான்காம் நாள் பதினைந்து. ஐந்தாம் நாள் பதினேழு. ஆறாம் நாள் மூன்று. ஏழாம் நாள் ஒன்று. எட்டாம் நாள் பூஜ்யம். கூட்டினால் நாற்பத்திரண்டு. தொட்டியில் ஐம்பத்தெட்டு இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தான். இருந்தது.

தீவனத்தில் திருடியவள் கணக்கில் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. படிக்கத் தெரிந்தவர் யார் பார்த்தாலும் எந்த நாளில் கை வைத்தாள் என்று தெரிந்துவிடும். தெரியட்டும் என்றே எழுதியிருக்கிறாள்.

பதினொரு வருடத்துக்கு முன்பு அவளும் மாமாவும் குத்தகைக்கு எடுத்த குளம் இதே நோயில் மூன்று நாளில் போயிற்று. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, செத்ததை விட்டுவிட்டு அசைவதை மட்டும் கையால் தடவி எடுத்தாள். எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி தண்ணீரிலேயே விட்டாள். தம்பி அன்று கரையில் நின்றிருந்தான்.

வலையை ஆணியில் மாட்டினான். ஆறாம் தொட்டிக்குப் பச்சைத் தீவனத்தையே போட்டான். நோட்டை வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே குளிக்கும்போது எண்களை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். ஆறு, பதினைந்து, பதினேழு, மூன்று, ஒன்று, பூஜ்யம். வீட்டுக்கு வந்தும் உதடு நிற்கவில்லை.

“ஏதோ மந்திரம் சொல்றான்,” என்றாள் சித்தி டெய்லரிடம். “கழுதைக்கு இப்பவாவது புத்தி வந்துச்சே.”

டாக்டரம்மா ஒரு மணிக்கு வந்தாள். அக்காவைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் நின்றவளிடம் தம்பி போனான்.

“ஆறாம் தொட்டிக்கு அக்கா பச்சைத் தீவனம் போட்டிருக்கு.”

அவள் முகம் சுருங்கியது. “யார் சொன்னது?”

“குடல் சொல்லுது. அம்பத்தெட்டு உயிரோட இருக்கு.”

“இதை எங்கிட்ட சொன்னா அவங்க பேர் கெடும்னு தோணலையா?”

“தோணுச்சு. வலையைக் கையில எடுத்துட்டேன். அப்புறம் நோட்டைப் பார்த்தேன்.” அவன் எண்களைச் சொன்னான்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னான். அவள் மெல்ல நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள்.

“அப்போ நோய் முத்தின பிறகு ஆரம்பிச்சிருக்காங்க,” என்றாள். “வர்றதுக்கு முன்னாடி கொடுத்தா தாங்குமான்னுதான் நாங்க பார்த்தோம். வந்த பிறகு கொடுத்தா நிக்குமான்னு நாங்க யோசிக்கவே இல்லை. ஒரு தொட்டியை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. இந்தச் சோதனை போச்சு, முதல்லேர்ந்து செய்யணும். ஆனா…” அவள் குரல் தாழ்ந்தது. “அஞ்சாம் நாள் காலையிலயா, சாயங்காலமா? எவ்வளவு போட்டாங்க? அதை மட்டும் கேட்டுட்டா…”

சொல்லிக்கொண்டே எழுந்து கட்டிலருகே போனாள். கேட்கப் போகிறவள் மாதிரியே குனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“என்னம்மா?” என்றாள் சித்தி. “எங்க பொண்ணு ஏதாவது தப்புப் பண்ணிட்டாளா?”

“தப்புதாம்மா,” என்றாள் டாக்டரம்மா. “எனக்குப் பண்ணத் தோணாத தப்பு.”

நான்கு மணிக்கு எடுத்தார்கள். திரும்பி வந்து, கூட்டம் கலைந்த பிறகு, சாயங்காலத் தீவனத்துக்காகத் தம்பி கிளம்பினான். மாமா அழைக்காமலே கூட நடந்தார். குத்தகைக் குளம் போன நாளிலிருந்து அவர் எந்த இறாலையும் உயிரோடு பார்த்ததில்லை. பண்ணைப் பக்கமே வந்ததில்லை.

கொட்டகை வாசலில் நின்றார். “நான் போடுறேன்.”

“மாமா, உங்களுக்கு அந்தத் தராசெல்லாம்…”

“தராசு வேணாம். கைக்கணக்கு சொல்லு.”

தம்பி யோசித்தான். “பச்சை மூடி வாளி. முதல் மூணுக்குப் போடுற அதே அரைப்பிடிதான், ஆறுக்கும்.”

“யார் கைக்கு?”

“அக்கா கைக்கு.”

மாமா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். சுண்டு விரலை மடக்கினார். அப்புறம் மோதிர விரலையும் மடக்கினார். மீதியைக் குவித்து, அதில் ஏற்கனவே ஏதோ இருப்பதுபோல் சிந்தாமல் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

தம்பி முன்வாசல் கதவைச் சாத்தி வெளியே பூட்டிவிட்டு, பின்வாசல் பக்கம் நடந்தான்.